வயிற்றுவலியை அனுப்பிய ஆண்டவர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.6.1987

தங்கச்சி பரிபூரணத்துக்கு அண்ணன் ஐயாதுரை எழுதுவது. ஸ்தோத்திரம்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற ராஜபாளையத்துக்கு இன்லாண்டு லெட்டர் எழுத வேண்டியதாகிவிட்டது. இரண்டு தடவை உன் வீட்டுக்கு வந்தேன். முதல் தடவை நீ உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை மாப்பிள்ளை வாசலிலேயே நின்று, "அவ படுத்திருக்கா மச்சான், பொறவு வாங்க" என்றார். நீ ஆயா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே வரலாம் என்றால், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

நாளையோடு சுந்தரி போய் மூன்று மாதம். நீ பெற்றவள் என்றாலும் என் தோளில் வளர்ந்தவள். அவளுக்காக நான் அழாத நாள் இல்லை.

நான் சபையில் சாட்சி சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்று உன் மதினி சொன்னாள். நான் என்ன இல்லாததையா சொன்னேன்? அன்று காலை மில்லுக்குக் கிளம்பிய லில்லிக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வந்தது. அவள் கோயிலுக்குப் போய் முழங்காலில் இருந்தாள். அவளுக்குப் பதிலாக சுந்தரி வேலைக்குப் போனாள். திரும்பும்போது மில் வேன் பிரேக் பிடிக்காமல் கண்மாய்க்குள் விழுந்தது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். என் மகளை ஆண்டவர் காப்பாற்றினார். அதற்கு நன்றி சொல்லாவிட்டால் உபதேசியார் என்று நான் ஒரு சபையில் சம்பளம் வாங்கி என்ன பிரயோஜனம்?

செப்டம்பரில் உங்கள் ஊரில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடக்கிறது. முதல் நாள் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் விசுவாசத்தில் நிற்கிறார்கள் என்று ஜனங்களுக்குத் தைரியம் வரும். யோசித்துப் பார்.

அண்ணன்
ஐயாதுரை


ராஜபாளையம்
22.6.1987

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தின் தலையில் போட்டிருந்த அந்த வார்த்தையை இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். அதைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறது. பதினாலு வருஷமாகப் பிரசவ வார்டில் ரத்தத் துணி அலசுகிறேன். எந்த நாற்றத்துக்கும் மூக்கைப் பொத்தாதவள் நான். உங்கள் சாட்சிக்குத்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

சாட்சியில் நீங்கள் விட்டுவிடுகிறதை நான் எழுதுகிறேன். என் மகள் அந்த மில்லில் பதலி. நிரந்தர வேலைக்காரி எவளாவது வராத நாளில்தான் அவளுக்கு வேலை. ஆள் வராவிட்டால் லில்லிக்கு வருகைக்கான படி போய்விடும் என்று, லில்லியின் டோக்கனையே வாங்கிக்கொண்டு லில்லியாகவே உள்ளே போனாள். வேலை முடிந்ததும் அவள் எங்கள் பக்கம் வரவேண்டியவள். டோக்கனை லில்லியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் ஊருக்குப் போகிற வேனில் ஏறினாள்.

கண்மாயில் எடுத்த உடம்பில் லில்லியின் டோக்கன் இருந்ததால் மில்காரர்கள் உங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். "ஒங்க அண்ணன் மக போயிட்டா" என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் ஓடிவந்தேன் அண்ணே. பிணவறையில் மதினியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் துணியை விலக்கினீர்கள். முகத்திலிருந்த சேற்றை உங்கள் துண்டால் துடைத்தீர்கள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, எம் பிள்ள இல்ல" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

முதல் சாட்சியில் என் மகள் "தங்கச்சி மகள்". அடுத்ததில் "வேறு ஒரு பெண்". போன வாரம் தளவாய்புரத்தில் பேசியதை யாரோ கேசட்டில் பிடித்து எங்கள் வார்டில் ஒரு நோயாளிக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் அவள் "ஆண்டவரை அறியாத சில பிள்ளைகள்" ஆகிவிட்டாள். ஞாயிறு பள்ளியில் ஆறு வருஷம் பாடம் எடுத்தவளை நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டீர்கள். உங்கள் கதை நன்றாக வர வேண்டுமே.

அன்று அந்த வார்டில் மம்சாபுரத்து வெள்ளத்தாயும் இருந்தாள். மருமகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தாள். செத்த மூன்று பேரில் அவள் மகள் கருத்தம்மாவும் ஒருத்தி. கேசட் முடிந்ததும் என்னிடம் கேட்டாள்: "ஒங்க சாமி ஒங்க அண்ணன் மகளுக்கு வயித்துவலி குடுத்துச்சாம்ல. எம்மகளுக்கும் கொஞ்ச நேரம் குடுத்திருந்தா என்ன? நாங்க வேற சாமி கும்பிடுதோம்னா? நாங்க கும்பிட்ட சாமியும் குடுக்கலையே." நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். நீங்கள் உபதேசியார். நீங்கள் பதில் சொல்லுங்கள்.

ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு பெண்ணின் வயிற்றைப் பிசையத் தெரிந்த ஆண்டவருக்கு, ரோட்டில் ஒரு ஆணியைப் போடத் தெரியாதா? டயர் பஞ்சராகியிருந்தால் மூன்று பேரும் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்திருப்பார்கள்.

இன்னொன்று. வயிற்றுவலி செவ்வாய்க்கிழமை காலையில்தானே வந்தது? டோக்கனை என் மகள் திங்கட்கிழமை சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். அது லில்லியுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. அது எப்படி?

முன்வரிசையில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள்.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.6.1987

பரிபூரணத்துக்கு,

உன் கடிதத்தைப் போதகரிடம் காட்டினேன். நீ பேசவில்லை, உன் துக்கம் பேசுகிறது என்றார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆணியைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆண்டவர் எதை எங்கே போட வேண்டும் என்று அவருக்கு யோசனை சொல்ல நாம் யார்? ஒரு துணியின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் நூல் எல்லாம் தாறுமாறாகத்தான் தெரியும். மேல்பக்கம் அவருக்குத்தான் தெரியும். சுந்தரியைச் சின்ன வயசிலேயே எடுத்துக்கொண்டதுகூட அவள் மேல் வைத்த அன்பினால் இருக்கலாம். இந்த உலகத்தில் அவளுக்கு வரவிருந்த கஷ்டம் என்னவென்று நமக்குத் தெரியாதே.

வெள்ளத்தாய்க்கு நான் வந்து ஜெபிக்கிறேன் என்று சொல்.

டோக்கனைப் பிள்ளைகள் என்றைக்கு, எப்படிக் கைமாற்றினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதைக் கிளறுவதால் யாருக்கும் லாபமில்லை. தளவாய்புரத்தில் பேச்சு வாக்கில் ஏதோ சொல்லியிருப்பேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

செப்டம்பர் கூட்டம் நல்லபடியாக முடிந்தால் என்னைக் குருப்பட்டத்துக்குப் படிக்க அனுப்புவதாகப் பேச்சு இருக்கிறது. இந்த நேரத்தில் நம் குடும்பத்துக்குள் பிளவு என்று நாலு பேர் பேசக் கூடாது. அதையும் மனசில் வை.

ஐயாதுரை


ராஜபாளையம்
3.8.1987

அண்ணனுக்கு,

ஒரு மாதமாக உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் ஆராதனையில் நின்ற நேரத்தில், லில்லி என் வீட்டுக்கு வந்தாள். தலைவலி என்று மதினியிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு சொல்லிவிட்டாள்.

வயிற்றுவலி இல்லை. கோயில் இல்லை. முழங்கால் இல்லை. கூட வேலை பார்க்கிற ஒருத்தியோடு மதுரைக்குப் போய்க் காலைக் காட்சி சினிமா பார்த்திருக்கிறாள். உங்கள் வீட்டில் சினிமா பேச்சே எடுக்கக் கூடாது என்பதால் முந்தின நாளே டோக்கனைக் கொடுத்து எல்லாவற்றையும் பேசி வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து நாலு மணிக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று சுந்தரிக்காகக் காத்திருந்திருக்கிறாள். சுந்தரிக்கு என்று ஒரு பொட்டலம் அல்வாவும் வாங்கி வைத்திருந்தாளாம். அவள் வராததால் வீட்டுக்கு நடந்து போயிருக்கிறாள். தெருவில் எல்லாரும் பேயைக் கண்டது மாதிரி கத்தியிருக்கிறார்கள்.

"அத்த, அப்பாவுக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும். நாந்தான் சொன்னேன். அல்வாவ அப்பாதான் வாங்கி வெளிய எறிஞ்சாங்க" என்றாள்.

நீங்கள் தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள். தெரிந்தே அவளை மேடைக்கு மேடை பக்கத்தில் நிறுத்தி, அவள் தலையில் கைவைத்து, வயிற்றுவலியை ஆண்டவர் அனுப்பினார் என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறீர்கள். நான்கூட ஆண்டவர் மேல்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என் பிள்ளைக்கு வயிற்றுவலி கொடுக்கவில்லை என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். அவர் கொடுக்காத வயிற்றுவலிக்கு அவரைத் திட்டியிருக்கிறேன். இந்த அசிங்கத்தை நான் எங்கே போய்க் கழுவ?

லில்லியை நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வயசுப் பிள்ளை சினிமாவுக்குப் போனாள், அவ்வளவுதான். "எந்நேரமும் குமட்டுது அத்த, சோறு எறங்க மாட்டேங்குது" என்றாள். மெலிந்து கிடக்கிறாள், உங்கள் கண்ணில் படவில்லையா? மேடையில் வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது. அவளை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டேன். தேடி வந்துவிடாதீர்கள்.

நான் இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியது நீங்கள். செப்டம்பர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களே, அங்கேயே சொல்லுங்கள். லில்லியும் அதைத்தான் கேட்கிறாள்.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.8.1987

பரிபூரணம்,

இதை நான் போதகரிடம் காட்டப் போவதில்லை. நீயும் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அன்று ராத்திரி லில்லி சொன்னதும் அவளை அடித்தேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மறுநாள் சவ அடக்கத்தில் உன் தெருக்காரர்கள் என்னிடம், "ஒம்ம மக எங்கய்யா போயிருந்தா?" என்று கேட்டார்கள். சினிமாவுக்கு என்று நான் எப்படிச் சொல்ல? அவள் சினிமா பார்க்கப் போனதால் அத்தை மகள் செத்தாள் என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். உபதேசியார் வளர்த்த லட்சணம் என்பார்கள். எவன் வந்து அவளைக் கட்டுவான்? உடம்புக்கு முடியாமல் இருந்தாள் என்றேன். என்ன உடம்புக்கு என்றார்கள். வயிற்றுவலி என்று வாயில் வந்துவிட்டது. அது வரைக்கும் அது ஒரு தகப்பன் சொன்ன பொய், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். வலியோடு ஜெபத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஜனங்கள் அழுதார்கள். ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சபையில் மணியடித்து, பாய் விரித்து, வீடு வீடாகச் சுற்றியிருக்கிறேன். ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்திருந்தது பரிபூரணம். இதை எழுதும்போது என் கையையே பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான். ஒவ்வொரு ஊரிலும் எந்த இடத்தில் நிறுத்தினால் அழுவார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. சுந்தரி பெயரைச் சொன்னால் அந்த இடத்தில் எனக்குப் பேச்சு தடைப்பட்டது. அதனால்தான் அவளை எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு பொய்யையும் அவர் பெயரில் சொல்லியும் அவர் என் நாக்கை ஒன்றும் செய்யவில்லை. சுந்தரியை ஏன் விட்டார் என்று நீ கேட்கிறாய். என்னை ஏன் விட்டார் என்று நான் கேட்கிறேன். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பித்தானே இத்தனை வருஷம் பேசினேன்?

நான் சொன்னால் லில்லியின் வாழ்க்கை போய்விடும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள் போலிருக்கிறது. நான் என்ன செய்ய?

அண்ணன்


ராஜபாளையம்
20.8.1987

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. லில்லியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். மத்தியானம் இரண்டு கரண்டி சோறு சாப்பிட்டாள்.

நீங்கள் உண்மை எழுதியதால் நானும் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரரிடமும் இதைச் சொன்னதில்லை.

பிணவறையில் "எம் பிள்ள இல்ல" என்று நீங்கள் சொன்னபோது நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். வாய்விட்டு, மதினி காதோரமாகச் சொன்னேன். லில்லி இல்லை என்றதும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அந்தத் துணிக்குள் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். பக்கத்தில் வந்து பார்க்கிற வரைக்கும், ஒரு நாலு எட்டு தூரம், நான் ஆண்டவருக்கு நன்றியாக இருந்தேன்.

அது வெள்ளத்தாய் மகளாக இருந்திருந்தால் நீங்களும் நானும் வீட்டுக்குப் போய்க் காபி போட்டுக் குடித்து, முழங்காலில் நின்று ஜெபித்திருப்போம். வெள்ளத்தாய் ஏதோ ஒரு மூலையில் கத்திக்கொண்டிருப்பாள். ஐயோ பாவம் என்று சொல்லியிருப்போம். இவ்வளவு காலமும் நான் சொன்ன நன்றியெல்லாம் அப்படித்தானே இருந்திருக்கும்? எத்தனை தடவை யார் பிள்ளை என்று பார்க்காமலே சொல்லியிருப்பேன்? உங்கள் மேல் எனக்கு அருவருப்புதான். அதில் பாதி என் மேல்.

ஆண்டவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் நாம் இரண்டு பேரும் அன்றைக்குச் சொன்னதையும் கேட்டிருப்பார். கேட்டு அவருக்கும் குமட்டியிருந்தால், அவரோடு என்றைக்காவது பேசலாம். சந்தோஷப்பட்டு வாங்கிக்கொண்டார் என்றால் எனக்கு அவர் வேண்டாம்.

என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். லில்லி கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவள் மாதிரி தெரியவில்லை. ஆண்டவர் இல்லை என்றெல்லாம் சொல்ல வேண்டாம். உங்கள் பொய்யை அவர் தலையில் இருந்து இறக்கி வையுங்கள். என் மகள் பெயரைச் சொல்லுங்கள். நான் வரமாட்டேன்.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.9.1987

பரிபூரணம்,

வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நானும் எழுதுகிறேன்.

சொன்னேன். லில்லி சினிமாவுக்குப் போனதைச் சொன்னேன். வயிற்றுவலி நான் இட்டுக்கட்டியது என்றேன். ஞானசுந்தரி என்று முழுப் பெயரையும், ஞாயிறு பள்ளியையும், அவள் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வந்ததையும் சொன்னேன். துணியை விலக்கியதும் என் வாயில் வந்த வார்த்தையையும் சொன்னேன். ஆண்டவர் என் மகளைக் காப்பாற்றினார் என்றும், என் தங்கச்சி மகளைக் கைவிட்டார் என்றும் சொல்ல எனக்குத் தெரியாது, அன்று அந்தக் கண்மாய்க்கரையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது என்றேன். இனி இந்த மைக்கைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை என்று கீழே வைத்தேன்.

கல்லால் அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் என்றார். பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஒரு நிமிஷத்துக்குள் பந்தல் முழுக்க அந்தச் சத்தம்தான். ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. கூட்டம் நடத்துகிறவர் மைக்கை எடுத்து, ஒரு மனுஷனை ஆண்டவர் உடைத்ததை இன்று கண்ணால் கண்டோம் என்றார். மேடைக்குப் பின்னால் வந்து என் தோளைப் பிடித்து, "இதயே இப்படியே தேவதானம் கூட்டத்துலயும் சொல்லணும் உபதேசியாரே. பழைய சாட்சிய விட இதுக்குத்தான் சனங்க அழுதுட்டாங்க" என்றார். நான் பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

அங்கே வெள்ளத்தாய் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோவில் மைக் கட்டி என் பேரைச் சொன்னதைக் கேட்டு மம்சாபுரத்திலிருந்து வந்திருக்கிறாள். நான் வாய் கொப்பளிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள். "அம்புட்டும் சொன்னீரே, எம்மக பேரையும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லய்யா" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

உபதேசியார் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போதகர் அதைத் தாழ்மை என்கிறார். இந்த ஜனங்களிடம் எதைக் கொடுத்தாலும் அதையும் ஒரு சாட்சி ஆக்கிவிடுகிறார்கள். இத்தனை வருஷம் நான்தான் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

லில்லி எப்படி இருக்கிறாள்?

அண்ணன்


ராஜபாளையம்
25.9.1987

அண்ணனுக்கு,

லில்லி சாப்பிடுகிறாள். வேறு மில்லில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கூட்டத்தில் நீங்கள் பேசியதை அவள் ரோட்டில் நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினாள்.

செத்த மூன்றாவது பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஆறு மாதமாக என் பிள்ளை, உங்கள் பிள்ளை என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். லில்லியிடம் கேட்டேன். உமையக்காவாம். வத்திராயிருப்புக்காரி. தகப்பன் இல்லை, அம்மா மட்டும் தோப்பில் கூலி வேலை பார்க்கிறாளாம். அவள் வீட்டுக்கு மில்காரர்களுக்கு அப்புறம் யாரும் போகவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். ஆராதனை நேரம்தான், உங்களுக்கு இனி வேறு வேலை இல்லை. முதலில் மம்சாபுரம், அப்புறம் வத்திராயிருப்பு. அங்கே போய் நீங்கள் ஜெபம் பண்ணக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது. துணியின் அடிப்பக்கம், மேல்பக்கம் எல்லாம் பேசக் கூடாது. அவர்கள் திட்டினால் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஒன்றும் பேசாமல் அழுதால் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

உங்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் குமட்டத்தான் செய்யும். தனியாகப் போய் உட்கார எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் கூப்பிடுகிறேன்.

பரிபூரணம்